மண் திரள்களின் உருவாக்கமும் மண்ணின் தரமும்: காசிமேடு – எண்ணூர்க் கடற்கரை நிலங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மணல், வண்டல், களி ஆகிய துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து உருவாகும் சிறு கட்டிகள் மண் திரள்கள் எனப்படும். இவை உருவாகும் முறையையும், மண்ணின் தரத்தை இவை தீர்மானிக்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. வடசென்னைக் கடற்கரையில் கடல்நீர், நிலக்கரிச் சாம்பல், எண்ணெய் ஆகிய மூன்றும் திரளாக்கத்தை எவ்வாறு குலைக்கின்றன என்பதையும் ஆராய்கிறது. இப்பகுதியின் மண்ணைச் சீரமைக்கும் முயற்சிகளில் வேதிப் பகுப்பாய்வுடன் திரள்களின் நிலைப்புத்தன்மையும் அளக்கப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதன்மைச் சொற்கள்: மண் திரள், உவர், களர், சோடியம், நிலக்கரிச் சாம்பல், கொசஸ்தலையாறு, அலையாத்தி

முன்னுரை

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வடக்கே திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு வழியாக மீஞ்சூர் செல்லும் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவுக்குள் மூன்று வகை நிலங்கள் எதிர்ப்படுகின்றன. முதலாவது, கடற்கரை மணல். இரண்டாவது, எண்ணூர்க் கழிமுகத்தின் சேறும் அதன்மேல் படிந்த சாம்பலும். மூன்றாவது, கொசஸ்தலையாற்றுச் சமவெளியின் நெல்வயல். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் வேறுபாடு கைக்கே தெரியும். மணல் விரலிடுக்கில் வழிந்துவிடும். சாம்பல் கலந்த சேறு உள்ளங்கையில் அப்பிக்கொள்ளும். நல்ல வயல் மண் சிறுசிறு உருண்டைகளாக உதிரும். உழவர் ‘பொலபொலப்பு’ என்று சொல்வது இந்த மூன்றாவது இயல்பையே.

இவ்வேறுபாட்டைத் துகள்களின் அளவைக் கொண்டு மட்டும் விளக்க இயலாது. ஒரே விகிதத்தில் களியும் வண்டலும் கொண்ட இரு நிலங்களுள் ஒன்று பொலபொலவென்றும் மற்றொன்று பாறைபோல் இறுகியும் கிடப்பதுண்டு. துகள்கள் எவ்வாறு திரண்டுள்ளன என்பதே அங்கு வேறுபடுகிறது.

திரள்கள் உருவாகும் முறை

திரளாக்கம் பற்றிய இன்றைய புரிதலுக்கு அடித்தளமாக இருப்பது ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான டிஸ்டால், ஓட்ஸ் ஆகிய இருவரும் 1982இல் முன்வைத்த படிநிலைக் கொள்கை. இதன்படி திரள்கள் அளவால் மட்டுமன்றித் தம்மைப் பிணைக்கும் பொருளாலும் வேறுபடுகின்றன. 0.25 மில்லிமீட்டருக்குக் குறைந்தவை நுண்திரள்கள். அதற்கு மேற்பட்டவை பெருந்திரள்கள்.

நுண்திரளின் தொடக்கம் களித்துகள். 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய இத்துகள்களின் பரப்பில் எதிர்மின்னேற்றம் மிகுந்திருப்பதால் அவை தம்முள் விலக்கிக்கொள்ளும். கால்சியம், இரும்பு, அலுமினியம் போன்ற பல இணைதிறன் கொண்ட நேர்மின் அயனிகள் இடையே அமைந்து, ஒருபுறம் களியையும் மறுபுறம் மட்கிய கரிமப் பொருளையும் பற்றிப் பாலமாகின்றன. இப்பிணைப்பு எளிதில் அறுவதில்லை. பல ஆண்டு உழவையும் தாங்கி நிற்கும்.

பெருந்திரளின் பிணைப்பு வேறு வகையானது. நுண்ணுயிரிகள் சுரக்கும் பசைபோன்ற பல்சர்க்கரைகள் துகள்களை விரைவாக ஒட்டவைக்கின்றன. ஆனால் சில வாரங்களில் அவையே பிற நுண்ணுயிரிகளுக்கு உணவாகிவிடுகின்றன. நுண்வேர்களும் பூஞ்சை இழைகளும் பூத்தொடுக்கும் நார்போல நுண்திரள்களைச் சுற்றிக் கட்டுகின்றன. இவையும் தற்காலிகமானவையே. செடி அழிக்கப்பட்டாலோ நிலம் ஓயாமல் உழப்பட்டாலோ நார் அறுந்து கட்டு அவிழும். ஒரு நிலம் கெடும்போது முதலில் சிதைவது பெருந்திரள் என்பதற்கும், நிலம் தேறும்போது முதலில் உருவாவதும் அதுவே என்பதற்கும் காரணம் இதுதான்.

சிறியவை கூடிப் பெரியவை ஆகின்றன என்னும் எளிய படிநிலையை ஓட்ஸ் 1984இல் திருத்தினார். வேர்த்துண்டு ஒன்றைச் சுற்றிப் பெருந்திரள் முதலில் அமைகிறது. அவ்வேர் மட்கும்போது அதன் எச்சங்களைக் களி பொதிந்துகொள்ள, பெருந்திரளின் உள்ளேயே நுண்திரள்கள் பிறக்கின்றன என்றார். பின்வந்த ஆய்வுகள் பலவும் இதற்கு வலுச் சேர்த்தன. புறத்திலிருந்து கொட்டப்படும் எருவைவிட மண்ணுக்குள்ளேயே வளர்ந்து மடியும் வேர் திரளாக்கத்துக்கு ஏன் கூடுதலாக உதவுகிறது என்பது இதனால் விளங்கும். மண்புழுவின் குடலிலும் இதுவே நிகழ்கிறது: தின்ற மண்ணும் இலைச்சருகும் கலந்து பிசையப்பட்டு நாங்கூழ்க் கட்டியாக வெளிவருகின்றன. சார்லஸ் டார்வின் தம் இறுதி நூலை 1881இல் மண்புழுக்களைப் பற்றியே எழுதினார்.

திரளும் மண்ணின் தரமும்

பெருந்திரள்களுக்கு இடையிலான அகன்ற துளைகள் வழியே மழைநீர் இறங்குகிறது, காற்று உட்புகுகிறது, வேர் நீள்கிறது. திரள்களுக்கு உள்ளிருக்கும் நுண்துளைகள் நீரைப் பயிருக்காகத் தேக்கிவைக்கின்றன. வடிதல், தேங்குதல் என முரண்பட்ட இரண்டையும் ஒரே மண்ணால் செய்ய முடிவது திரளமைப்பினால்தான். காசிமேட்டு மணலில் முதலாவது உண்டு, இரண்டாவது இல்லை. களியும் கரிமமும் இல்லாத இடத்தில் பிணைக்கப் பொருளில்லை. நுண்திரளுக்குள் அடைபட்ட கரிமம் நுண்ணுயிரிகளின் சிதைப்பிலிருந்து தப்பி நெடுங்காலம் நிற்பதால், காலநிலை மாற்ற ஆய்வுகளிலும் திரள்கள் இன்று இடம்பெறுகின்றன.

தொழிற்பகுதிகளுக்குரிய மற்றொரு பயன் அதிகம் பேசப்படுவதில்லை. ஈயம், காட்மியம் முதலிய உலோகங்கள் பெரிதும் களி, கரிமம், இரும்பு ஆக்சைடு ஆகியவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. திரள் உறுதியாக இருக்கும்வரை அவற்றின் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும். திரள் கரைந்து களி நீரில் மிதக்கத் தொடங்கினால் உலோகமும் அதனுடன் பயணப்படும். இரு நிலங்களில் ஒரே அளவு ஈயம் இருந்தாலும் அவை விளைக்கும் இடர் ஒன்றாகாது.

உவரும் களரும்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1875இல் சென்னைத் துறைமுகப் பணி தொடங்கியது. வடக்கு நோக்கி நகரும் கடலோர மணலைத் துறைமுகச் சுவர்கள் மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டப்பட்ட அக்கரைக்கு அப்பால், நிலத்தடியிலும் கடல் முன்னேறியது. மீஞ்சூர்க் கிணற்றுப் பகுதியில் நகரத் தேவைக்கும் ஆலைகளுக்குமாக மிகையாக நீர் இறைக்கப்பட்டதன் விளைவாக 1960களின் இறுதியிலிருந்தே கடல்நீர் ஊடுருவல் அறியப்பட்டுள்ளது.

உப்பு நிலத்தைக் குறிக்கத் தமிழில் உவர், களர் என இரு சொற்கள் உள்ளன. வேளாண் துறையின் வழக்கில் இவை ஒரு பொருளன அல்ல. கரையும் உப்பு மிகுந்தது உவர். களித்துகளின் பரப்பையே சோடியம் பற்றிக்கொண்டது களர். கல்லாதவரைப் பயன்படாத நிலத்துக்கு ஒப்பிடும் குறள் (406) களரையே குறிப்பிடுகிறது.

சோடியத்தின் மின்னேற்றம் ஒன்று மட்டுமே. அதைச் சூழும் நீருறை பெரிது. கால்சியம் இருந்த இடத்தில் அது அமரும்போது பாலம் தளர்ந்து களித்துகள்கள் விலகுகின்றன. பரிமாற்ற இடங்களில் 15 விழுக்காட்டைச் சோடியம் பிடித்தால் அது களர் என்று அமெரிக்க உவர்நில ஆய்வகம் 1954ஆம் ஆண்டுக் கையேட்டில் வரையறுத்தது. சோடியம் ஈர்ப்பு விகிதமாகச் சொன்னால் ஏறத்தாழ 13. கடல்நீரில் அவ்விகிதம் 60ஐ ஒட்டியது.

ஆனால் கடல்நீர் புகுந்த உடனே மண் சிதைவதில்லை. நீரில் உப்பின் செறிவு மிகுந்திருக்கும்வரை களித்துகள்கள் சேர்ந்தே இருக்கின்றன. உவர் நிலத்தின் மேற்பரப்பு பல வேளைகளில் பொலபொலவென்றே தோன்றும். அதன்மேல் நன்னீர் விழும்போதுதான் கேடு தொடங்குகிறது. உப்பு கழுவப்படுகிறது, சோடியம் களியில் தங்கிவிடுகிறது, திரள்கள் பாலாய்க் கரைந்து துளைகளை அடைக்கின்றன. எந்தச் செறிவுக்குக் கீழே இது நிகழும் என்னும் வரம்புக் கருத்தைக் குவெர்க், ஸ்கோஃபீல்டு ஆகியோர் 1955இல் நிறுவினர். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் ஒருசேரக் கொட்டும் சென்னைக் கடற்கரைக்கு இது நேரடியாகப் பொருந்தும். மழை உவரைத் தீர்க்கும். கால்சியம் இல்லாத இடத்தில் அதே மழை களரை உண்டாக்கும்.

சாம்பலும் எண்ணெயும்

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் இயங்கத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையம் 1990களிலிருந்து இயங்குகிறது. சாம்பலை நீரில் கரைத்துச் செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குக் கொண்டுசெல்லும் குழாய்களின் கசிவால் கழிமுகத்தில் சாம்பல் படிந்தது. இது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வழக்காகவும் வந்தது.

சாம்பலின் உலோக அளவே பெரும்பாலும் விவாதிக்கப்படுகிறது. அதன் உடலமைப்பும் அதே அளவு கவனத்துக்குரியது. பறக்கும் சாம்பல் பெரும்பாலும் வண்டல் அளவிலான கண்ணாடிக் கோளங்கள். களிக்குரிய மின்னேற்றமோ, கரிமமோ, தழைச்சத்தோ அதில் இல்லை என்றே சொல்லலாம். இறுகிய களி வயலில் சிறிதளவு கலந்தால் அது மண்ணை இளக்கவும் கூடும். அடுக்காகப் படியும்போது நிலை வேறு: காய்ந்தால் திரளில்லாததால் காற்றில் பறக்கிறது, நனைந்து காய்ந்தால் மேலோடு கட்டுகிறது. கீழிருக்கும் சேற்றுக்கும் மேலிருக்கும் நீருக்கும் இடையே அது ஒரு தடையாகிறது.

2017 ஜனவரி 28 அன்று காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் சிந்திய எண்ணெயும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் பரவிய எண்ணெயும் மூன்றாவது சிக்கலைக் கொணர்ந்தன. எண்ணெய்ப் படலம் திரளின் துளைகளை மூடி நீரை ஒதுக்கும் தன்மையைத் தருகிறது. மண்ணுயிர்கள் மூச்சுவிடும் வழியும் அடைபடுகிறது.

திரளை மீட்டல்

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் வயல்களில் கையாளப்பட்ட முறை இங்குக் கருதத்தக்கது. சேறு அகற்றப்பட்டு, வரப்பு கட்டி மழைநீர் தேக்கி வடிக்கப்பட்டது. தேவையான இடங்களில் ஜிப்சம் இடப்பட்டது. தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழப்பட்டது. ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். பசுந்தாள் மட்கும்போது எழும் கரியமிலவாயு மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து மேலும் கால்சியம் தரும். வேரும் பூஞ்சையும் கட்டும் நாராகும். மீஞ்சூர், பொன்னேரி வயல்களுக்கு இவ்வழி பெரிதும் பொருந்தும்.

கழிமுகத்துக்கு அது பொருந்தாது. அலைநீர் ஏறியிறங்கும் சேற்றை வயல் மண்ணாக்குவது சீரமைப்பு அன்று, மற்றோர் அழிவு. அங்கே திரளாக்குபவை அலையாத்தியின் வேர்களும் வளை தோண்டும் நண்டுகளும். நண்டு உருட்டிப் போடும் சேற்று உருண்டைகள் கழிமுகத்தின் நாங்கூழ்க் கட்டிகள் எனலாம். சாம்பலை அள்ளும் இயந்திரம் அதனோடு இச்சேற்றையும் அள்ளிவிட்டால் ஆழம் மீளும், மண் மீளாது. அகற்றப்படும் ஆழத்தைச் சாம்பல் அடுக்கின் தடிமனைக் கொண்டு இடத்துக்கிடம் வரையறுப்பது இதனால் இன்றியமையாதது.

அளவிடலில் நேரும் பிழைகள்

திரள் நிலைப்பை அளக்க, 1936இல் யோடர் செம்மைப்படுத்திய நீர்ச்சல்லடை முறையே இன்றும் பரவலாக உள்ளது: அடுக்கிய சல்லடைகளை நீருக்குள் ஏற்றி இறக்கி, கரையாமல் எஞ்சுவது எடையிடப்படும். 1967இல் எமர்சன் வகுத்த முறை இன்னும் எளிது. ஒரு சிறு கட்டியை நீரில் இட்டு, அது வெறுமனே உதிர்கிறதா, அல்லது சுற்றிலும் பால்போல் கலங்குகிறதா என்று பார்த்தால் போதும். உதிர்வது பெரும்பாலும் அடைபட்ட காற்றின் அழுத்தத்தால். கலங்குவது பெரும்பாலும் சோடியத்தால். கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குவளை கொண்டே இதைச் செய்யலாம்.

வடசென்னை மண்ணில் இம்முறைகள் மூவிடங்களில் ஏமாற்றும். கடற்கரை மணலின் தனித்துகள்களே 0.25 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கிவிடுவதால், மணலைக் கழித்துக் கணக்கிடாவிட்டால் திரளே இல்லாத மண் உயர்ந்த மதிப்புப் பெறும். எண்ணெய் படிந்த கட்டி நீரை உட்கொள்ளாததால் கரையாது. அது நிலைப்பன்று, நோயின் அடையாளம். எனவே நீர் இறங்கும் வேகமும் உடன் அளக்கப்பட வேண்டும். மூன்றாவது, சோதனைக்கு எடுக்கும் நீர். உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரில் கலங்காத கட்டி வாலைவடி நீரில் கலங்கும். பருவமழையின்போது அந்நிலத்தில் விழப்போவது வாலைவடி நீரை ஒத்த நீரே.