கம்ப்யூட்டர் ஏன் எழுந்திருக்கவில்லை?

பழைய டிஸ்க்கை அழிக்கும் முன் ஒரு சோதனை!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன்.

கூடத்தில் அக்காள் மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஒரே சந்தோஷம்.

"மாமா, புது எஸ்.எஸ்.டி. போட்டுவிட்டேன். முன்பெல்லாம் ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வரலாம். இப்போது கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது!"

"பழைய டிஸ்க்?"

"அதுவும் உள்ளேதான் இருக்கிறது. இனி அது எதற்கு? சுத்தமாக அழித்துவிட்டு, சினிமாப் படம் ஏற்றி வைத்துக்கொள்ளப் போகிறேன்."

எனக்குப் பகீர் என்றது. இதே விஷயத்தில் நான் ஒரு தடவை சூடு பட்டவன்.

"பொறு. கம்ப்யூட்டரை நிறுத்து. பிளக்கைப் பிடுங்கு. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் வைத்து ஓட்டிப் பார்" என்றேன்.

அப்படியே செய்தான். ஸ்விட்சைப் போட்டான். கறுப்புத் திரை! கிளம்புவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று இரண்டு வரி எழுத்து. அவ்வளவுதான்.

பையன் முகத்தில் ஈயாடவில்லை. "புது டிஸ்க் மோசம், மாமா" என்றான்.

சமையல் அறையில் இருந்து அக்காள் ஓடி வந்தாள். "ஏண்டா, தாத்தாவுடைய அறுபதாம் கல்யாணப் படமெல்லாம் அதில்தானே இருந்தது?"

எங்கள் அப்பா காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. அவர் பேத்திக்குக் கதை சொன்ன குரலும் அந்தப் பழைய டிஸ்க்கில்தான் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

சாவி எங்கே?

புது டிஸ்க் மோசமா? இல்லை. அதில் சாவி இல்லை!

ஸ்விட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல. கம்ப்யூட்டரின் பலகையிலேயே பதிந்திருக்கும் ஒரு சிறு புரோகிராம்தான் விழிக்கிறது. அதற்குப் பயாஸ் என்று பெயர். 1981-ல் ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டர் வந்த நாள் முதல் இந்த ஏற்பாடு இருக்கிறது. இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் அதன் இடத்தில் யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறை இருக்கிறது. வழக்கத்தில் அதையும் பயாஸ் என்றே சொல்கிறார்கள்.

இது கடை திறக்கும் சிப்பந்தி மாதிரி. எந்த டிஸ்க்கில் சாவி இருக்கிறது என்று தேடும். கிடைத்ததும் கதவைத் திறக்கும். பிறகுதான் முதலாளியான விண்டோஸ் வந்து உட்காரும்.

அந்தச் சாவி சி டிரைவில் இல்லை. டிஸ்க்கின் வேறொரு மூலையில், ஒரு சின்ன மறைவான பகுதியில் இருக்கிறது. அதன் அளவு 100 எம்.பி.யாகக்கூட இருக்கலாம். சி, டி என்பது போன்ற எழுத்து அதற்குக் கிடையாது. அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

எங்கள் பையன் நகல் எடுத்தபோது சி டிரைவை மட்டும் எடுத்திருக்கிறான். சாவி பழைய டிஸ்க்கிலேயே தங்கிவிட்டது. இரண்டும் சேர்ந்து இருந்தவரை, பழையது கதவைத் திறந்தது. புதியது வேலை செய்தது. பழையதைக் கழற்றியதும் குட்டு வெளிப்பட்டது!

படங்களோ டி டிரைவில் இருந்தன. அவை புது டிஸ்க்குக்கு வரவே இல்லை.

வரிசையாகப் பாருங்கள்

புது டிஸ்க் கிளம்பவில்லை என்றால் உடனே அதைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் ஒயர். பழைய ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழலும். காதை வைத்தால் சத்தம் கேட்கும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. உயிர் இருக்கிறதா, இல்லையா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. மேஜைக் கம்ப்யூட்டரில் சாட்டா வகை டிஸ்க்குக்கு இரண்டு ஒயர் வரும். ஒன்று கரண்டுக்கு, மற்றொன்று தகவலுக்கு. இரண்டையும் கழற்றி, மறுபடி அழுத்தி மாட்டுங்கள்.

அடுத்து பயாஸ். ஸ்விட்சைப் போட்டதும் டெலீட் அல்லது எஃப்-2 சாவியைத் தட்டினால் பல கம்ப்யூட்டர்களில் அந்தத் திரை வரும். அங்கே புது டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா?

பெயர் இல்லையென்றால், மாட்டியதில்தான் கோளாறு. குச்சி போல இருக்கும் எம்.2 டிஸ்க்கானால் இன்னொன்றும் கவனியுங்கள். அதில் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு ஜாதி உண்டு. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சில பலகைகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெயர் இருக்கிறதென்றால், கிளம்பும் வரிசையில் அதை முதலாவதாக வையுங்கள்.

பிறகும் நடக்கவில்லையா? பழைய பயாஸ் முறையில் ஓடிய விண்டோஸ், புதிய யு.இ.எஃப்.ஐ. முறையில் அப்படியே கிளம்பாது. முன்பு எந்த முறை இருந்ததோ, அதையே வையுங்கள். பலகையில் உள்ள பொத்தான் பாட்டரி தீர்ந்தாலும் இந்த ஏற்பாடு மாறிப்போவது உண்டு. கடிகாரம் தப்பான தேதி காட்டினால் பாட்டரியைச் சந்தேகியுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கிளம்பவில்லை என்றால், எங்கள் வீட்டுக் கதைதான். நகல் அரைகுறை!

மறுபடி நகல்

பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினோம். கம்ப்யூட்டர் கிளம்பியது. முதல் வேலையாக அப்பாவின் படங்களை எடுத்துப் பென் டிரைவில் ஒரு பிரதி, என் லாப்டாப்பில் ஒரு பிரதி வைத்தோம். அக்காளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு மறுபடி நகல். இந்தத் தடவை சி டிரைவோடு மறைவான சின்னப் பகுதிகளையும் சேர்த்து எடுத்தோம். நிறுத்தினோம். பழையதைக் கழற்றினோம். புதியதை மட்டும் வைத்து ஸ்விட்சைப் போட்டோம்.

திரை வெளிச்சமாயிற்று!

விண்டோஸில் பிட்லாக்கர் என்ற பூட்டுப் போட்டிருப்பவர்கள் ஒன்று செய்ய வேண்டும். அதை மீட்பதற்கு 48 இலக்க எண் ஒன்று உண்டு. டிஸ்க் மாற்றும் முன்பே அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பூட்டிய டிஸ்க்கைத் திறக்க முடியாமலே போகலாம்.

நகல் எடுக்கும்போதும் எது பழையது, எது புதியது என்று இரண்டு தடவை பாருங்கள். மாற்றி அழுத்தினால், வெற்று டிஸ்க் உங்கள் டிஸ்க்கின் மேல் பதிந்துவிடும்!

எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்று. புது டிஸ்க் தனியாகக் கிளம்பி, சில வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழையதைத் தொடாதீர்கள். டிஸ்க் போனால் கடையில் வேறு வாங்கலாம். அதில் உள்ள குரலை வாங்க முடியுமா?

அன்று சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து அப்பா சொன்ன கதையைக் கேட்டோம். பழைய டிஸ்க் இப்போது அக்காள் பீரோவில், துணியில் சுற்றி, பத்திரமாக இருக்கிறது.

பதறாத காரியம் சிதறாது!