அரசரைத் தேடிய ஊர்தி

ஒரு பொருளின் பெருமை அதன் விலையால் அமைவதா, பயனால் அமைவதா என்பது அறிஞர் பலர் ஆராய்ந்த வினா. அதற்குப் பொறியியல் வரலாறு தரும் விடைகளுள் ஒன்று 'புகாட்டி றோயல்' என்னும் மோட்டார் வண்டியின் கதையாகும்.

இத்தாலியின் மிலான் நகரிற் பிறந்த எத்தோரே புகாட்டி, அல்சாசு மாநிலத்து மோல்செம் என்னும் ஊரிற் தொழிற்சாலை நிறுவிப் பந்தய வண்டிகளாற் புகழெய்தியவர். முடிமன்னர்க்கே உரியதாய் ஒரு வண்டி சமைக்க வேண்டுமென்பது அவரது வேட்கை. 1920களின் பிற்பகுதியில் அது உருப்பெற்றது. ஒரே வரிசையில் அமைந்த எட்டு உருளைகள், 12.7 லீற்றர் கொள்ளளவு. ஏறத்தாழ 300 பரிவலு. வண்டியின் நீளம் ஆறு மீற்றரைக் கடந்தது. நிறையோ மூன்று தொன். எத்தோரேயின் தம்பியும் சிற்பியுமான றெம்பிராண்டு வடித்த, பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் யானையுரு அதன் முகப்பை அணிசெய்தது.

அக்காலத்தே உயர்தர வண்டிகளை வாங்குவோர் எந்திரத்தையும் அடிச்சட்டத்தையும் தொழிற்சாலையிற் பெற்று, மேற்கூட்டினைத் தம் விருப்பத்திற்கேற்ப அமைப்பித்தல் வழக்கம். ஆதலின் ஒரு றோயல் வண்டியின் தோற்றம் பிறிதொன்றற்கு இருந்ததில்லை. 1932இல் முதல் வண்டியை வாங்கிய ஆடை வணிகர் ஆர்மன் எசுடேர், இரவிற் செலுத்துவதில்லையாதலால் முகவிளக்குகளே வேண்டாவென்றார்; அவ்வாறே அமைத்துக் கொடுக்கப்பட்டது.

ஆயினும் 1929இல் நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ந்ததைத் தொடர்ந்து உலகெங்கும் பரவிய பொருளாதார மந்தம் புகாட்டியின் கனவைச் சிதைத்தது. இருபத்தைந்து வண்டிகள் செய்யத் திட்டமிட்டவர் ஆறினையே செய்து முடித்தார். அவற்றுள் அக்காலத்து விலைபோனவை மூன்றே. வாங்கியோருள் வணிகரும் மருத்துவரும் இருந்தனர். மன்னர் ஒருவரேனும் இருந்திலர்.

எஞ்சிய எந்திரங்களை என் செய்வது? இவ்விடத்தேதான் புகாட்டியின் மதிநுட்பம் வெளிப்படுகின்றது. அப்போது பிரெஞ்சுப் புகையிரதப் பகுதியினர், குறைந்த தொகைப் பயணிகளை விரைவாகக் கொண்டுசெல்லும் இலகுவான ஊர்திகளை நாடினர். அரசர்க்கெனச் செய்த எந்திரங்கள் இரண்டினையோ நான்கினையோ பூட்டிப் புகாட்டி தண்டவாள ஊர்திகளைச் செய்தார். நெடிது உழைக்கும் பொருட்டு ஒவ்வொன்றின் வலுவும் 200 பரிவலுவாகக் குறைக்கப்பட்டது. 1933இல் சேவையிற் புகுந்த இவ்வூர்திகளுள் ஒன்று, பின்னர் மணிக்கு 196 கிலோமீற்றர் வேகத்தை எட்டிற்று. மொத்தம் எண்பத்தெட்டு ஊர்திகள் செய்யப்பட்டன. இறுதியானவை 1950களின் பிற்பகுதிவரை ஓடின.

இன்று பிரான்சின் முலூசு நகரிலுள்ள மோட்டார் வண்டி அரும்பொருட்சாலையில் றோயல் வண்டிகள் இரண்டினைக் காணலாம். அந்நகரின் புகையிரத அரும்பொருட்சாலையிலோ தண்டவாள ஊர்தி ஒன்று நிற்கின்றது. காண்போர் பெரிதும் வியப்பது முன்னவற்றையே. எனினும் அவற்றை ஆக்கியவனின் தொழிற்சாலையை மந்த காலத்தே தாங்கி நின்றது, பயணச்சீட்டுப் பெற்று ஏறிய பொதுமக்களைச் சுமந்த பின்னதேயாகும்.