கோழி கொத்திய கையும் தயிர்ச் சட்டியும்

எனது வலது கைப் பெருவிரலுக்குக் கீழே ஒரு சிறு தழும்பு இருக்கிறது. அது ஒரு கோழி தந்த பரிசு.

கடந்த டிசம்பர் விடுமுறையில் அக்குறணையிலுள்ள உம்மும்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அதற்கு முந்திய வாரம் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து, டொக்டர் தந்த அன்டிபயோட்டிக் மாத்திரைகளைக் குடித்து முடித்திருந்தேன். காய்ச்சல் போய்விட்டது. ஆனால் எதைச் சாப்பிட்டாலும் வயிறு ஊதியது. சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வருடம் என்பதால் உம்மாவுக்குப் பெரிய கவலை.

போன அன்றே முட்டை எடுக்கலாம் என்று கூட்டுக்குள் கையை விட்டேன். அங்கே இருந்தது அடைக்கோழி. இறகுகளைச் சிலிர்த்து, தன் உடம்பை இரண்டு மடங்காகக் காட்டி, ஒரே கொத்து! இரத்தம் வந்துவிட்டது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி விட்ட உம்மும்மா சிரித்தார். “அவ இப்ப உம்மாவாகப் போறா மகள். கோவம் வராம என்ன செய்யும்?” என்றார்.

கோழியைக் கோழைத்தனத்துக்கு உவமை சொல்பவர்கள் அதனோடு ஒரு வாரம் வாழ்ந்து பார்க்க வேண்டும். குஞ்சு பொரித்த பிறகு அதே கோழி ஒரு காகத்தை வேலி வரை துரத்தியதைக் கண்டேன். பல்லியையும் சிறு தவளையையும் கொத்தி விழுங்குவதையும் கண்டேன். தன் இனத்துக்குள்ளும் அது கடுமையானதுதான். கூட்டத்தில் ஒரு பேட்டுக்குக் காலில் காயம் ஏற்பட்டபோது, மற்றவை அந்தச் சிவப்பையே குறிவைத்துக் கொத்தின. உம்மும்மா அதைப் பிரித்து ஒரு கூடைக்குள் வைத்தார். காயம் ஆறிய பின், இருட்டிய நேரத்தில்தான் மற்றக் கோழிகளோடு விட்டார். பகலில் விட்டால் புதிதாக வந்த கோழி என்று சண்டை பிடிக்குமாம்.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஓர் ஒழுங்கு உண்டு. நோர்வே நாட்டைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டெரப் எபே என்பவர் சிறுவயது முதல் கோழிகளைக் கவனித்துக் குறிப்பெழுதி, 1922இல் இதனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இடம் நிறைந்த கூட்டத்துக்குள் அந்நியக் கோழி நுழைவது எளிதல்ல.

இதற்கும் என் வயிற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாமா அந்த மாதம் பொரிப்புக் கருவியில் பொரித்த பத்துக் குஞ்சுகளை வாங்கி வந்திருந்தார். அவற்றில் நான்கு கழிச்சலில் இறந்து போயின. அடைக்கோழியின் பின்னால் சாணத்தையும் மண்ணையும் கிளறித் திரிந்த குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வளவில் நடந்ததை வைத்து முடிவு சொல்ல முடியாதுதான். ஆனால் இதைப் பற்றித் தேடியபோது ஓர் ஆய்வு கிடைத்தது. 1973இல் பின்லாந்தைச் சேர்ந்த நூர்மி, ரண்டாலா என்ற இருவர், வளர்ந்த கோழிகளின் குடலில் வாழும் பக்டீரியாக்களை அப்போதுதான் பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். அந்தக் குஞ்சுகளைச் சல்மொனெல்லா கிருமி எளிதில் தொற்றவில்லை. காரணம், நல்ல பக்டீரியாக்கள் குடலின் இடத்தையும் உணவையும் முன்கூட்டியே பிடித்துக்கொள்கின்றன. பின்னால் வரும் கெட்ட கிருமிக்கு உட்கார இடமில்லை. கோழிக்கூட்டில் நடப்பதுதான் குடலுக்குள்ளும் நடக்கிறது!

நமது குடலிலும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அன்டிபயோட்டிக் மருந்து நோய்க்கிருமியை அழிக்கும்போது இவற்றிலும் ஒரு பகுதியை அழித்துவிடுகிறது. என் வயிறு குழம்பியதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

உம்மும்மா இவற்றையெல்லாம் படித்தவரல்ல. ஆனால் தினமும் பகலுணவோடு ஒரு கோப்பை தயிர் வைத்தார். அவர் செய்யும் முறை இதுதான்: ஒரு லீட்டர் பாலை நன்றாகக் காய்ச்சி ஆறவிட வேண்டும். சுத்தமான விரலில் ஒரு சொட்டு விட்டால் சூடு தெரிய வேண்டும், சுடக்கூடாது. அதில் ஒரு மேசைக்கரண்டி பழைய தயிரைக் கலக்கி மண்சட்டியில் ஊற்றி மூட வேண்டும். டிசம்பர் இரவுகளில் நம் பக்கம் குளிர் என்பதால் சட்டியைத் துணியால் சுற்றி அடுப்படியில் வைப்பார். காலையில் தயிர் உறைந்திருக்கும். பாலிலுள்ள சீனியை லக்டோபசிலஸ் போன்ற பக்டீரியாக்கள் லக்டிக் அமிலமாக மாற்றுவதால்தான் அது புளிக்கிறது, உறைகிறது.

அப்பமாவும் புளிப்பதுதான். கள்ளு விட்டுப் புளிக்க வைப்பது பழைய வழக்கம். நம் வீடுகளில் அதற்குப் பதிலாக ஈஸ்ட்டும் தேங்காய்த் தண்ணீரும் சேர்க்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அப்பமும் தோசையும் சூட்டில் வேகும்போது அந்த நுண்ணுயிர்கள் இறந்துவிடுகின்றன. மா புளித்ததால் அவை சமிக்க எளிதாகின்றன என்பதே நமக்குக் கிடைக்கும் நன்மை. உயிருள்ள பக்டீரியா வேண்டுமானால் தயிர், மோர் போன்று சூடாக்காமல் உண்பவைதான் உதவும். வினாகிரி ஊற்றிச் செய்யும் அச்சாறு புளிப்பாக இருந்தாலும் அது நொதித்த உணவல்ல.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 36 பேர் பங்குபற்றினர். பத்து வாரங்கள் தயிர் முதலிய நொதித்த உணவுகளை நிறைய உண்ட பிரிவினரின் குடலில் நுண்ணுயிர் வகைகள் கூடின. அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் அவர்களது இரத்தத்தில் குறைந்தன. இது சிறிய ஆய்வுதான். ஆனாலும் உம்மும்மாவின் சட்டிக்கு இது ஒரு நல்ல சாட்சி.

எச்சரிக்கையும் தேவை. பழஞ்சோறு நல்லது என்று சோற்றை வெளியில் நெடுநேரம் போட்டு வைத்தால், சமைத்தும் சாகாத சில பக்டீரியாக்கள் அதில் நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வாடையோ நிறமோ மாறியதைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். கோழியையும் முட்டையையும் தொட்டால் கையைக் கழுவுங்கள். வயிற்றுப்போக்கு நீடித்தால் தயிரை நம்பி இருக்காமல் டொக்டரிடம் போங்கள்.

இரண்டு வாரத்தில் என் வயிறு சரியானது. தயிராலா, நாட்கள் கடந்ததாலா என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஒன்று மாறியது. முன்பு காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து, இடைவேளையில் ரோல்ஸ் வாங்கித் தின்பவள் நான். இப்போது வீட்டில் தயிர் உறைய வைப்பது என் வேலை. சட்டியைத் துணியால் சுற்றும்போதெல்லாம் அந்த அடைக்கோழி நினைவுக்கு வரும். அதுவும் இப்படித்தான் முட்டைகளை மூடிக்கொண்டு இரவெல்லாம் சூடு கொடுத்தது. கிட்டப் போனவளைக் கொத்தியதும் அதற்காகத்தான்.