பழைய செயலியை இன்னும் முடுக்கலாமா?

கணினியின் செயலி தன் வேலைகள் அனைத்தையும் ஒரு கடிகாரத் துடிப்பின் தாளத்திற்கு ஏற்பவே செய்கிறது. நொடிக்கு நூறு கோடித் துடிப்பு நிகழ்ந்தால் அது ஒரு கிகாஹெர்ட்ஸ். தயாரித்த நிறுவனம் உறுதியளித்த வேகத்தையும் தாண்டிப் பயனரே அத்துடிப்பை விரைவுபடுத்துவதுதான் ஓவர்கிளாக் எனப்படுகிறது. ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்படும் சில்லுகள் எல்லாம் ஒரே தரத்தில் அமைவதில்லை என்பதாலும், அவற்றுள் சுமாரானதும் வெப்பமான அறையில் பல ஆண்டுகள் பிழையின்றி ஓட வேண்டும் என்பதாலும், நிறுவனங்கள் வேகத்தைச் சற்றுத் தாழ்த்தியே குறிக்கின்றன. அந்த மிச்சத்தைத்தான் ஓவர்கிளாக் செய்பவர் எடுத்துக்கொள்கிறார். 1998இல் வெளிவந்த 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ பலரிடம் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது இப்படித்தான்.

2011 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட கோர் ஐ5-2500கே இவ்வகையில் பெயர்பெற்ற செயலி. 32 நானோமீட்டர் நுட்பத்தில் அமைந்த நான்கு கருக்களைக் கொண்ட அதன் அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ், அதாவது, 100 மெகாஹெர்ட்ஸ் அடிக்கடிகாரத்தை 33 என்னும் பெருக்கெண்ணால் பெருக்கிய அளவு. இத்தலைமுறையில் யூஎஸ்பி, சேட்டா போன்ற இணைப்புகளும் அதே அடிக்கடிகாரத்தைச் சார்ந்திருப்பதால் அதை அதிகம் உயர்த்த இயலாது. பெருக்கெண்ணை உயர்த்தும் உரிமையோ பெயரின் இறுதியில் 'கே' என்னும் எழுத்தைப் பெற்ற செயலிகளுக்கே முழுமையாக வழங்கப்பட்டது. பயாஸ் திரையில் 33 இருந்த இடத்தில் 45 என்று இட்டு, மின்னழுத்தத்தைச் சிறிது கூட்டி, நல்லதொரு காற்றுக் குளிர்விப்பானைப் பொருத்தினால், பெரும்பாலான சில்லுகள் 4.5 கிகாஹெர்ட்ஸைத் தொட்டன. ஏறத்தாழ 36 விழுக்காட்டு ஆதாயம், கூடுதல் செலவு குளிர்விப்பானுக்கு மட்டுமே.

பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்ட அச்செயலியில் 45ஐ 48 ஆக்கலாமா என்பது வேறு கேள்வி. அடுத்த துடிப்பு வருமுன் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் தன் நிலையை மாற்றி முடித்தாக வேண்டும். துடிப்புகளின் இடைவெளி குறுகும்போது அம்மாற்றம் விரைந்து நிகழ மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டியிருக்கிறது. செயலி இயங்கும்போது செலவாகும் மின்திறனோ அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் பெருகுகிறது. எடுத்துக்காட்டாக, 4.5 கிகாஹெர்ட்ஸில் 1.30 வோல்ட் போதுமானதாக இருந்த ஒரு சில்லு 4.8இல் 1.42 வோல்ட் கேட்குமானால், வேகம் 7 விழுக்காடுகூடக் கூடாத நிலையில், வெப்பம் 27 விழுக்காடு கூடிவிடும். முதல் 1.2 கிகாஹெர்ட்ஸ் மலிவாகக் கிடைத்தது, கடைசி 0.3 அநியாய விலை கேட்கிறது.

வெப்பத்தோடு முதுமையும் சேர்ந்துகொள்கிறது. சில்லுக்குள் ஓடும் நுண்ணிய உலோகக் கம்பிகளில் எலக்ட்ரான்களின் ஓட்டம் உலோக அணுக்களையே மெல்ல மெல்ல இடம்பெயர்த்து, ஓரிடத்தில் கம்பியை மெலியவும் மற்றோரிடத்தில் திரளவும் செய்கிறது; மின்னோட்ட அடர்த்தியும் வெப்பநிலையும் உயர உயரக் கம்பியின் ஆயுள் எவ்வாறு சுருங்குகிறது என்பதை ஜேம்ஸ் பிளாக் 1969இல் ஒரு சமன்பாடாகவே வகுத்தார். இதற்குப் புறம்பாக, நெடுங்காலம் மின்னழுத்தத்திற்கும் வெப்பத்திற்கும் உட்பட்ட டிரான்சிஸ்டர்கள் இயங்கத் தொடங்குவதற்கே கூடுதல் அழுத்தத்தைக் கேட்கத் தொடங்குகின்றன. ஆகவே புதிதில் 1.30 வோல்ட்டில் அடங்கியிருந்த 4.5, இன்று அதே அழுத்தத்தில் நிலைக்குமா என்பதே ஐயம். கணினி நீலத்திரை காட்டி நின்றுவிட்டால் நல்லது, குறையாவது தெரியும். நிற்காமலேயே ஒரு பிட்டைத் தவறாகக் கணக்கிட்டு, சுருக்கி வைத்த குடும்பப் படத்தொகுப்பைத் திறக்கவியலாதபடி எழுதிவைப்பதே அஞ்சத்தக்கது.

இந்நிலையில் முதலில் கைவைக்க வேண்டிய இடம் பயாஸ் அன்று, குளிர்விப்பான். அதைக் கழற்றினால், செயலியின் மேல்மூடியில் பூசிய தெர்மல் பேஸ்ட் பெரும்பாலும் காய்ந்த சுண்ணாம்புபோல் உதிரும். மூடிக்கும் சில்லுக்கும் இடையே இத்தலைமுறையில் உலோகப் பற்றாசு இடப்பட்டிருந்ததால் உள்வழி இன்றும் கெடாமல் இருக்கக்கூடும்; 2012இல் வந்த அடுத்த தலைமுறையில் இன்டெல் அவ்விடத்தில் பசையை வைத்து ஆர்வலர்களின் மனக்குறைக்கு ஆளானது தனிக்கதை. பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது பூசி, விசிறியின் தூசியை நீக்கி, பிரைம்95 போன்ற சோதனை நிரலைச் சில மணிநேரம் ஓட்டிப் பார்த்த பின்னரே, இருக்கும் வேகமாவது பாதுகாப்பானதா என்று சொல்ல முடியும். அச்சோதனையில் பிழை தென்பட்டால் அழுத்தத்தைக் கூட்டுவதைவிடப் பெருக்கெண்ணை 43க்கோ 42க்கோ இறக்குவதே அறிவுடைமை.

பயனர் உணரும் தாமதம் பலவேளைகளில் கடிகாரத்தால் வருவதும் இல்லை. நினைவகத்திலிருந்து தரவு வந்துசேரும் வரை செயலி வெறுமனே காத்திருக்கும் வேளையில், அதன் துடிப்பை விரைவுபடுத்துவது காத்திருக்கும் துடிப்புகளின் எண்ணிக்கையையே கூட்டும். 2013இல் அடுத்த வடிவமைப்போடு வந்த ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுதி 2500கே-யில் இல்லை. அதைக் கேட்கும் மென்பொருளை 5 கிகாஹெர்ட்ஸும் திறக்காது. வன்தட்டிலேயே ஓடும் கணினிக்கு ஓர் எஸ்எஸ்டி தரும் விரைவு, 48 என்னும் எண்ணால் கிடைப்பதைவிட எத்தனையோ மடங்கு கண்ணுக்குத் தெரியும்.

48ஐ இட்டுப் பார்ப்பது பொருத்தமாகும் சூழல் ஒன்று உண்டு: அக்கணினியில் விளையாட்டுகளைத் தவிர வேறொன்றும் சேமித்து வைக்கப்படாமல், அதன் இடத்திற்கு வரவேண்டிய புதிய மதர்போர்டும் செயலியும் ஏற்கெனவே வாங்கி மேசையோரம் பெட்டி பிரிக்காமல் காத்திருக்கும்போது.