உரம் விழுந்தது என்று உருட்டாதீர்கள்

குழந்தை கழுத்தைத் திருப்பாமல் அழுதால் நம் வீடுகளில் முதலில் வரும் பேச்சு, ‘உரம் விழுந்திருக்கும்’. புடவையில் கிடத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து உருட்டிவிடுவார்கள். கூடவே காய்ச்சல் அடிக்கிறதா? எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிடுகிறதா? பேசுகிற வயதென்றால், வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல் குரல் வருகிறதா? அப்படியானால் அது சுளுக்கு அல்ல, தொண்டைக்குப் பின்னால் சீழ்க்கட்டியாக இருக்கலாம். உருட்டும்போது அந்தக் கட்டி உடைந்து, சீழ் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம்.

தொண்டையின் பின்சுவருக்கும் கழுத்தெலும்புக்கும் நடுவே, மண்டையோட்டின் அடியிலிருந்து நெஞ்சுக்குள் வரை இறங்கும் ஓர் இடுக்கு உண்டு. சிறு பிள்ளைகளுக்கு அங்கே நிணநீர் முடிச்சுகள் இருக்கும். வளர வளரச் சுருங்கிவிடும். சளியோடு வந்த கிருமி அந்த முடிச்சுகளில் தங்கினால் சீழ் பிடிக்கும். 5 வயதுக்குள் இது அதிகம் வருவது அதனால்தான். பெரியவர்களுக்கு வழி வேறு: குத்திய மீன் முள், கழுத்தெலும்பில் காசநோய். முள் சிக்கியதும் சோற்று உருண்டையை விழுங்குகிறோமே, அது முள்ளை இன்னும் ஆழமாக இறக்கிவிடக்கூடும்.

இந்த இடுக்குக்குப் பின்னால் இன்னொன்று. மருத்துவர்கள் அதற்கு வைத்த பெயரே ‘அபாய வெளி’. உதரவிதானம் வரை தடுப்பில்லாத பாதை. கழுத்துச் சீழ் இதயத்தருகே போய்ச் சேருவது இப்படித்தான்.

வெளியே வீக்கம் தெரியாமலும் இருக்கலாம். அதனால்தான் படம் எடுக்கிறார்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயில், இரண்டாம் கழுத்தெலும்புக்கு முன்னால் உள்ள நிழல் 7 மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம். ஆனால் குழந்தை அழுதாலோ குனிந்தாலோ அந்த நிழல் தடித்துத்தான் தெரியும். எது வெறும் வீக்கம், எது சீழ், எதுவரை இறங்கியிருக்கிறது என்பதைச் சாய ஊசி போட்டு எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் பெரும்பாலும் பிரித்துக் காட்டும். முதுகெலும்பில் ஐயம் இருந்தால் எம்.ஆர்.ஐ. ஊசிக்கு முன்பே சிறுநீரகக் கோளாறு, பழைய ஒவ்வாமை, கர்ப்பம், மெட்ஃபார்மின் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

மூச்சு இழுக்கிறது என்றால், ஸ்கேன் மேசையில் மல்லாந்து படுப்பதே ஆபத்து. முதலில் மூச்சுக்கு வழி, அப்புறம்தான் படம். இதைச் சொல்லி ஸ்கேனை நிறுத்தத் தயங்காதீர்கள்.

அவசர நிலையில் உயிர்காக்கும் சிகிச்சை தருவது அரசு, தனியார் என எந்த மருத்துவருக்கும் கடமை என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி. கவனக்குறைவால் பாதிப்பு என்றால் நுகர்வோர் ஆணையத்தை அணுக 2 ஆண்டு அவகாசம். அங்கே பேசப்போவது இந்தத் தாள்கள்தான்.

வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால் அறிக்கையோடு படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டியைக் கீறிச் சீழை எடுக்கப்போகிற மருத்துவர் படத்தைத்தான் பார்ப்பார். குழந்தைக்கு இன்னொரு முறை கதிர்வீச்சும் மிச்சம்.