துன்பக் காலத்தில் விசுவாசம்

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மிக்ஜாம் புயலால் பெருமழை பொழிந்தபோது, மணலித் தொழிற்சாலைப் பகுதியினின்று வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. படகும் வலையும் கருமையுற்றன. மீனவர் தொழிலிழந்து, தாமே எண்ணெயை அள்ளி அகற்றினர்.

இத்தகையோரை நோக்கிக் ‘கர்த்தரை நம்புங்கள்’ என்பது எளிது. உரைக்க எமக்கு நாணமும் உண்டு. ஆயின் நம்புதலென்பது யாது? வாய்மூடி இருத்தலே விசுவாசமென்பர் சிலர். வேதம் அங்ஙனம் கற்பிக்கவில்லை. ஆபகூக் தீர்க்கதரிசியின் நூல் மூன்றே அதிகாரமுடையது. அதன் தொடக்கமே முறையீடு. கொடுமையைக் கண்டும் தேவன் வாளாவிருப்பதேனென்று அவர் துணிந்து வினவுகின்றார். வினவியபின் அகன்றுவிடவில்லை, மறுமொழி வருமளவும் காவலிடத்தில் நிற்கின்றார். அந்நிற்றலையே யாம் விசுவாசமென்போம். நிவாரணங்கோரி மனுவெழுதுதலும் அதற்கு மாறன்று.

மூன்றாம் அதிகாரத்தில் அவர் தேவனில் களிகூர்வது யாவரும் அறிந்ததே. அதற்குமுன் அத்தியும் திராட்சையும் ஒலிவமும் பொய்த்ததையும், தொழுவம் வெறுமையானதையும் ஒவ்வொன்றாய் எண்ணுகின்றார், இழப்பை மறைத்தாரல்லர். எண்ணூரார் அப்பகுதியை வாசிக்குங்கால், அத்திக்கு ஈடாக இறாலையும், திராட்சைக்கு ஈடாக நண்டையும், தொழுவத்துக்கு ஈடாகக் கரையேறிய படகையும் வைத்துப் படித்துக்கொள்ளலாம்.