பெட்டியில் 3200... உள்ளே 2133!

ரேம் வாங்கி ஏமாந்துவிட்டதாக நினைத்துக் கடைக்காரரின் சட்டையைப் பிடிக்கக் கிளம்புகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போகவும். நான் தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவன்.

2021-ல் ரிச்சி தெருவில் இரண்டு டி.டி.ஆர்.4 ரேம் வாங்கினேன். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 3200. வீட்டில் மாட்டி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 2133! பி.காம். மூளை சும்மா இருக்குமா? மூன்றில் ஒரு பங்கு அம்பேல். கிலோ துவரம்பருப்பில் 333 கிராம் குறைந்த மாதிரி! சந்தேகத்துக்கு சி.பி.யூ.-இசட் என்ற சாஃப்ட்வேரில் பார்த்தேன். 1066! மயக்கம் வராத குறைதான்.

மறுநாள் கம்ப்யூட்டரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போய்க் கத்தினேன். பையன் அசரவில்லை.

"அண்ணே, எக்ஸ்.எம்.பி. போட்டீங்களா?"

"முன்னாள் எம்.பி.யா? எந்தக் கட்சி?"

சிரித்துவிட்டு விளக்கினான். ரேமில் ஒரு குட்டி சிப் இருக்கிறது. என்னென்ன வேகத்தில் ஓடலாம் என்ற குறிப்பு அதில்தான். மதர்போர்டு முதலில் ஆபத்தில்லாத வேகத்தில்தான் ஓட்டும். பெட்டியில் போட்ட வேகம் வேண்டுமென்றால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆன் செய்ததும் டெலீட் கீயைத் தட்டி (சிலதில் எஃப்2) பயாஸுக்குள் போய் எக்ஸ்.எம்.பி.யை ஆன் செய்து, எஃப்10. அவ்வளவுதான், 3200! அந்த 1066-ம் மோசடி இல்லையாம். ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை டேட்டா போகும். இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

ஏ.எம்.டி. போர்டுகளில் இதற்கே டி.ஓ.சி.பி. போன்ற வேறு பெயர்கள் இருக்கும். ஆன் செய்தபின் மெஷின் அடிக்கடி தொங்கினால் 2933-க்கு இறக்கிப் பாருங்கள். பழைய 2400 ரேமோடு ஜோடி சேர்த்தால் இரண்டும் 2400-க்குத்தான் வரும். மெதுவாக நடக்கிறவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓட முடியுமா என்ன?

இத்தோடு விட்டிருக்கலாம். புது ஞானத்தில், "3200 வாங்குடா, எக்ஸ்.எம்.பி. நான் போட்டுத் தர்றேன்" என்று மச்சினனுக்கும் வாக்குக் கொடுத்தேன். அவனிடம் இருந்தது பத்தாம் தலைமுறை ஐ3, எச்410 போர்டு. இந்த ஜோடிக்கு உச்சவரம்பே 2666. பயாஸில் தலைகீழாக நின்றாலும் ஏறாது. வாங்குமுன் போர்டு, பிராசஸர் இரண்டின் வரம்பையும் பார்த்திருக்க வேண்டும். பில்லை அவன் பத்திரமாக வைத்திருக்கிறான். நான் போகும்போதெல்லாம் எடுத்துக் காட்டுகிறான்.